வீட்டுக்கு ஒரு சின்ன சர்வர்: அப்பாவின் கேசட்டுகளைச் சேமிக்கவும் டிவியில் பார்க்கவும் எதை வாங்கலாம்?

கெடிலக்கரை (கடலூர் முதுநகர்)

எல்லோருக்கும் வணக்கம். அப்பா இருபது வருடத்துக்கு மேல் கல்யாண வீடியோ எடுத்தவர். கல்யாணம் இல்லாத நாளில் சுற்றுவட்டாரத்தில் எங்கே தெருக்கூத்து, தேர், நாகஸ்வரக் கச்சேரி நடந்தாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதற்கெல்லாம் யாரிடமும் காசு வாங்கியதில்லை. சோனி கேமராவில் போடுகிற சின்ன மினிடிவி கேசட்டுகள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. ஒரு பெட்டி நிறைய டிவிடி இருக்கிறது. அதற்கும் முந்தைய பெரிய விஎச்எஸ் கேசட்டுகள் கொஞ்சம். சின்ன கேசட்டுகளில் பாதிக்கு மேல் கணினியில் ஏற்றிவிட்டேன், மீதி நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது எல்லாம் இரண்டு போர்ட்டபிள் டிஸ்கில் சிதறிக் கிடக்கிறது. அப்பா ஹாலில் உட்கார்ந்து ரிமோட்டிலேயே தேடிப் பார்க்க வேண்டும். புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் தங்கையும் அவள் வீட்டிலிருந்து பார்க்க வேண்டும். வீட்டில் எல்லோருடைய ஃபோன் போட்டோக்களும் ஓரிடத்தில் சேர வேண்டும்.

பெட்டிக்கு 15,000 வரை போகலாம், டிஸ்க் தனி. 24 மணி நேரமும் ஓடும் என்பதால் கரண்ட் பில்லும் கவலைதான். ராஸ்பெர்ரி பை 5 என்ற ஒற்றைப் பலகைக் கணினி, இன்டெல் என்100 சிப் போட்ட மினி பிசி, ஆபீசில் ஓடிய பழைய டைனி எனும் குட்டிக் கணினி, சினாலஜி மாதிரி ரெடிமேட் சேமிப்புப் பெட்டி, இந்த நான்கில் குழம்பி நிற்கிறேன். உங்கள் வீட்டில் ஓடுவதை வைத்துச் சொல்லுங்கள்.


லாஸ்பேட்டைலினக்ஸ் (புதுச்சேரி)

பெட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் கோப்புகளைப் பற்றிப் பேச வேண்டும். அதில்தான் எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும் என்பது முடிவாகும்.

டிவிக்குப் புரிகிற வடிவில் வீடியோ இருந்தால் சர்வருக்கு வேலையே கிடையாது. டிஸ்கிலிருந்து எடுத்து அப்படியே அனுப்பும், அவ்வளவுதான். டைரக்ட் பிளே என்பது அதைத்தான். டிவிக்குப் புரியாத வடிவில் இருந்தால் ஓடும்போதே வேறு வடிவுக்கு மாற்றி அனுப்ப வேண்டும். அது டிரான்ஸ்கோடிங். பெட்டியின் உயிரை எடுப்பது அந்த வேலைதான்.

சின்ன கேசட்டிலிருந்து நேரடியாக எடுத்த கோப்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி வரும், இல்லையா? அந்த வடிவம் பெரும்பாலான டிவி செயலிகளுக்குப் பிடிக்காது. டிவிடியில் இருப்பது எம்பெக்-2, அதை பிரவுசர்கள் வாசிக்காது. இரண்டுமே இன்டர்லேஸ் வேறு. அதாவது ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என்று மாற்றி மாற்றி நொடிக்கு 50 அரைப்படங்களாகப் பதிவானது. அதைச் சரியாகப் பிரிக்காமல் புது டிவியில் போட்டால், கூத்துக்காரர் சுழன்று ஆடும்போது கை ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும்.

அதனால் என் யோசனை: மூலக் கோப்பைத் தொடாமல் பத்திரமாக வையுங்கள். பார்ப்பதற்கென்று தனியாக ஒரு பிரதி, எச்.264 என்ற பரவலான வீடியோ வடிவில், நொடிக்கு 50 முழுப்படங்களாக எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற மாற்றும் மென்பொருளில் அரைப்படங்களைப் பிரிக்கிற பாப் என்ற டீஇன்டர்லேஸ் அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டால் 50 கிடைக்கும். சாதாரணமாக விட்டால் 25 ஆக்கிவிடும், பாதி அசைவு போய்விடும். இந்தப் பிரதி மணிக்கு 2, 3 ஜிபிக்குள் அடங்கும். ஃபோன், டிவி, பிரவுசர் எதிலும் ஓடும். இதை உங்கள் கணினியில் இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். அப்புறம் சர்வர் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் போதும்.

இன்னொன்று. ஹாலில் என்ன டிவி?


கெடிலக்கரை

ரொம்ப நன்றி அண்ணா. ஆண்ட்ராய்டு டிவிதான், வைஃபையில் இருக்கிறது. 50 படம் விஷயம் எனக்குப் புதிது. அப்பாவிடம் காட்டினேன், 25-இல் மாற்றிய ஒரு கூத்தையும் 50-இல் மாற்றியதையும் அடுத்தடுத்துப் போட்டு. "இதுதான் நான் எடுத்தது" என்று இரண்டாவதைக் காட்டினார்.

மூலக் கோப்பையும் வைத்து, பார்க்கும் பிரதியையும் வைத்தால் எல்லாம் சேர்த்து 2 டிபிக்குப் பக்கம் வரும். போட்டோவையும் கணக்கில் எடுத்தால் 4 டிபி டிஸ்க் சரியாக இருக்குமா?


மாடிவீட்டுக்காரன் (நெல்லிக்குப்பம்)

4 டிபி சரி தம்பி. என் ஓட்டு பை 5-க்கு. என் வீட்டில் பை 4 மூன்று வருடமாக நிற்காமல் ஓடுகிறது. டிஸ்க் சுற்றாதபோது 4, 5 வாட்டுக்கு மேல் எடுப்பதில்லை. சத்தமே இல்லை. பார்க்கும் பிரதியை முன்கூட்டியே தயார் செய்துவிட்டால் அதுவே தாராளம்.


லாஸ்பேட்டைலினக்ஸ்

பை நல்ல பெட்டிதான் சார், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் புதிதாக வாங்குகிறவருக்கு இன்றைக்கு அதைச் சொல்ல மாட்டேன். பை 5-இல் எச்.264-ஐ டீகோட் செய்யும் (விரித்துக் காட்டும்) வன்பொருளையே எடுத்துவிட்டார்கள், அதற்கு அடுத்த வடிவமான எச்.265-இன் டீகோடர் மட்டும்தான் இருக்கிறது. என்கோடர் (வேறு வடிவில் சுருக்கி எழுதுவது) அறவே கிடையாது. டிவிடி அளவுப் படத்தை சிபியுவே மாற்றிவிடும், மறுக்கவில்லை. நாளைக்குத் தங்கை வீட்டில் ஒரு ஃபோனிலும் இங்கே ஒரு டிவியிலும் முழு எச்டி கல்யாண வீடியோ ஓடினால் மூச்சு வாங்கும்.

செலவையும் பாருங்கள். பை 5-க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் தருகிற அடாப்டர் வேண்டும். அது இல்லாவிட்டால் யுஎஸ்பி துளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர்தான் விடும், போர்ட்டபிள் டிஸ்க் பாதியில் காணாமல் போகும். அடாப்டர், கேஸ், ஃபேன், நல்ல எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்தால் பழைய டைனி விலைக்கு வந்து நிற்கிறது.

டைனி என்பது டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவா திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி இந்த மூன்று வகை. கம்பெனிகள் லீஸ் முடிந்து கழிக்கிற சரக்கு. இன்டெல் 7-ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள், 10-பிட் எச்.265-ஐ முழுக்க வன்பொருளில் டீகோட் செய்வது அதிலிருந்துதான். 8-ஆம் தலைமுறை ஐ5 8500டி கிடைத்தால் ஆறு கோர், யோசிக்காமல் எடுங்கள். என்100-உம் இதே வேலையைக் குறைந்த மின்சாரத்தில் செய்யும். அது 2023-இல் வந்த சிப், 6 வாட் வகை, ஏவி1 என்ற புது வீடியோ வடிவத்தின் டீகோடும் உண்டு. புதுசு வேண்டும், வாரண்டி வேண்டும் என்றால் என்100. திறந்து பார்க்க, பாகம் மாற்ற வசதி வேண்டும் என்றால் டைனி.


நெய்தல் (தேவனாம்பட்டினம்)

காசே செலவு செய்யாமல் ஒரு வழி சொல்லட்டுமா? வீட்டில் பழைய லேப்டாப் இருக்கிறதா? நான் அதில்தான் ஓட்டுகிறேன். கரண்ட் போனால் பேட்டரி தாங்கும், தனியாக யுபிஎஸ் வேண்டாம். மூடியை மூடினாலும் தூங்காதபடி லினக்ஸில் ஒரு வரி மாற்றினால் போதும்.

ஒரே எச்சரிக்கை, எப்போதும் சார்ஜில் கிடந்தால் பேட்டரி உப்பும். 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்துகிற அமைப்பு பல லேப்டாப்பில் உண்டு, அதைக் கட்டாயம் போடுங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வருவது மாதிரித் தெரிந்தால் அன்றைக்கே பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும்.


பழுதுநீக்கி (மஞ்சக்குப்பம்)

லேப்டாப், டெஸ்க்டாப் சர்வீஸ் செய்வதுதான் என் தொழில். முதுநகர், தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் பக்கத்திலிருந்து வருகிற பெட்டிகளைத் திறந்தாலே ஊர் தெரிந்துவிடும். ரேம் காலில் பச்சை பூத்திருக்கும். யுஎஸ்பி துளைக்குள் தகரம் பழுப்பு ஏறி இருக்கும். ஃபேன் இருக்கும் பக்கத்தில் தூசியும் உப்பும் சேர்ந்து ஈரமாகப் பிசுபிசுக்கும், அது போர்டில் இறங்கினால் ஷார்ட். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊரில் பத்து வருடம் ஓடுகிற பெட்டி கடற்கரைத் தெருவில் பாதிக்கூட வருவதில்லை.

அதனால் கெடிலக்கரை தம்பிக்கு நான் சொல்வது, விலை குறைந்த பெட்டியாக வாங்குங்கள். இது ஒருநாள் போகத்தான் போகிறது. போனால் அழாமல் இன்னொன்று வாங்கிப் பழைய டிஸ்கைச் செருகி ஓட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். கடல் பார்த்த ஜன்னலருகே, பால்கனிக் கதவருகே, மொட்டைமாடி அறையில் வைக்கவே வைக்காதீர்கள். வீட்டின் நடு அறை, இடுப்பு உயரத்துக்கு மேல் ஒரு தட்டு. கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினால் கத்திரி வெயிலில் டிஸ்க் வெந்துவிடும். டிஸ்க் சூடு 45 டிகிரிக்குள் இருந்தால் எனக்கு நிம்மதி. வருடத்துக்கு ஒருமுறை திறந்து பிரஷ்ஷால் தூசி தட்டி, ரேமைக் கழற்றிக் காலை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்துப் போடுங்கள்.

அடுத்தது கரண்ட். நம் ஊரில் ஒரு நிமிடம் போய் வருகிற கரண்ட்தான் டிஸ்குக்கு எமன். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்னால் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், எல்லா மாடலிலும் இல்லை, பலவற்றில் உண்டு. நார்மலில் இருந்தால் மாறுகிற இடைவெளியில் கணினி அணைந்து மறுபடி எழும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் அணையாது. பல வீடுகளில் இந்த சுவிட்ச் இருப்பதே தெரியாமல் தனி யுபிஎஸ் வாங்கிவிடுகிறார்கள்.

இன்வெர்ட்டர் இல்லை என்றால் 600 விஏ யுபிஎஸ் ஒன்று. ரவுட்டருக்கு விற்கிற குட்டி டிசி யுபிஎஸ்ஸில் டைனி ஓடாது, அது 19, 20 வோல்ட் கேட்கும். 12 வோல்ட் மினி பிசி ஓடலாம், ஆனால் அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதோ அதை அந்தக் குட்டி யுபிஎஸ் தருமா என்று பார்த்துவிட்டுத்தான் செருக வேண்டும்.


கெடிலக்கரை

அண்ணா, இன்வெர்ட்டர் பின்னால் போய்ப் பார்த்தேன். சுவிட்ச் இருக்கிறது, நார்மலில்தான் இருந்தது. மாற்றிவிட்டேன்.


வில்லியனூரான்

ரெடிமேட் பெட்டிக்கும் யாராவது பரிந்து பேச வேண்டும். நான் சினாலஜி பயன்படுத்துகிறேன். போட்டோவுக்கு அதன் செயலி மாதிரி சுலபமானது வேறில்லை, என் மனைவிக்கு நான் ஒருமுறைகூடச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. லினக்ஸ், டாக்கர் எதுவும் தெரிய வேண்டாம்.

ஆனால் உங்கள் பட்ஜெட்டில் வருவது டிஎஸ்223ஜே மாதிரி கீழ்நிலை மாடல்தான். ஒரே ஒரு ஜிபி ரேம், டிரான்ஸ்கோடிங்குக்கு லாயக்கில்லை. வீடியோ ஸ்டேஷன் என்று அவர்களே தந்துகொண்டிருந்த செயலியையும் 2024-இல் அவர்கள் இயங்குதளமான டிஎஸ்எம் 7.2.2 வந்தபோது எடுத்துவிட்டார்கள். 2025-இல் பிளஸ் மாடல்களில் தங்கள் பட்டியலில் உள்ள டிஸ்க்தான் போட வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்து, எதிர்ப்பு கிளம்பியதும் அதே வருடம் தளர்த்தினார்கள். போட்டோ முக்கியம், வீடியோ அப்புறம் என்கிறவர்களுக்கு மட்டும் நான் சொல்வேன். உங்களுக்கு வீடியோதான் எல்லாம்.


சொல்தாபேரன் (முத்தியால்பேட்டை)

எங்கள் தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பாதிக் குடும்பம் பிரான்சில். எனக்கும் கிட்டத்தட்ட இதே தேவைதான். பாரிசில் இருக்கும் அத்தைகளுக்கு இங்கே நடக்கும் காதுகுத்து, கல்யாணம் எல்லாம் உடனே பார்க்க வேண்டும். இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் நசுங்கிப் போய்ச் சேருகிறது.

வீட்டுக்குள் பார்ப்பது எல்லோருக்கும் எளிது. வெளியிலிருந்து பார்ப்பதுதான் எனக்குச் சிக்கல். ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்து பார்த்தேன், வேலை செய்யவில்லை. எங்கள் இணைப்பில் பொது ஐபி முகவரியே கிடையாதாம், பல வீடுகளுக்குச் சேர்த்து ஒன்றுதானாம். வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் மாதாமாதம் தனிக்கட்டணம் என்கிறார்கள். பிளெக்ஸ் என்ற வீடியோ சர்வர் மென்பொருளைப் போட்டால் இது தானாகச் சரியாகும் என்று அண்ணன் சொன்னான். அது உண்மையா? அத்தைகளுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, அவர்களைச் சிரமப்படுத்துகிற எதையும் வைக்க முடியாது.


லாஸ்பேட்டைலினக்ஸ்

பிளெக்ஸ் வெளியிலிருந்து இணைப்பதை எளிதாக்கும், உண்மைதான். ஆனால் 2025 ஏப்ரல் முதல் வீட்டுக்கு வெளியே தனிப்பட்ட வீடியோவைப் பார்ப்பது கட்டணச் சேவை ஆகிவிட்டது. வன்பொருள் டிரான்ஸ்கோடிங்குக்கு முன்பிருந்தே பிளெக்ஸ் பாஸ் என்ற கட்டண அனுமதி வேண்டும். ஜெல்லிஃபின் என்ற அதே வகை மென்பொருளில் இரண்டும் இலவசம், யாரும் எப்போதும் பணம் கேட்கப் போவதில்லை. எம்பி (Emby) என்ற மென்பொருள் தன் மூல நிரலை மூடியபோது 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்தது இது.

பொது ஐபி இல்லாத பிரச்சினைக்கு டெயில்ஸ்கேல் என்ற தனி இணைப்புச் செயலி. சர்வரிலும் அத்தை வீட்டு ஆண்ட்ராய்டு டிவி பெட்டியிலும் செயலியைப் போட்டு ஒருமுறை இணைத்துவிட்டால் போதும். இரண்டும் ஒரே வீட்டில் இருப்பது மாதிரி நடந்துகொள்ளும். போர்ட் எதையும் திறக்க வேண்டாம், அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஜெல்லிஃபினை நேரடியாக இணையத்தில் திறந்து வைப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

டெயில்ஸ்கேலில் சாவி காலாவதியாகும் அமைப்பை மட்டும் அந்த டிவி பெட்டிக்கு அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் சில மாதம் கழித்து மறுபடி உள்நுழையச் சொல்லும், அத்தைகள் தடுமாறுவார்கள்.

வெளியே அனுப்பும்போது உங்கள் அப்லோட் வேகம்தான் எல்லை. வெளி இணைப்புக்கு 4 எம்பிபிஎஸ் என்று ஜெல்லிஃபினில் வரம்பு வைத்தால் படம் தெளிவாகவே இருக்கும். இந்த இடத்தில்தான் டிரான்ஸ்கோடிங் வருகிறது, அதனால்தான் டைனி அல்லது என்100 என்கிறேன்.


ரெயின்போநகர் (புதுச்சேரி)

இவ்வளவு பேர் எழுதியும் யாரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெங்கல் புயல் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர். எங்கள் நகருக்குள் படகில்தான் ஆட்களை வெளியே கொண்டுவந்தார்கள். பக்கத்து வீட்டில் இரண்டு டிஸ்க் போட்ட பெட்டி வைத்திருந்தார்கள், ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்கிற ரெய்டு அமைப்பு. தரைத்தளத்தில், மேசைக்கு அடியில். இரண்டு டிஸ்கும் ஒரே தண்ணீரில் ஒரே நேரத்தில் மூழ்கின. பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எடுத்த படம் எல்லாம் அதில் இருந்தது. சேறு காயாத டிஸ்கை அந்த அம்மா துணியில் சுற்றி வைத்துக்கொண்டு யாரிடம் கொடுக்கலாம் என்று கேட்டபடி நின்றார்.

உங்கள் கடலூர் இதில் எங்களுக்கு இளைத்ததல்ல. 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 நவம்பர் மழை, ஃபெங்கலுக்குப் பிறகு சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம். தானேயின்போது எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

ரெய்டு என்பது டிஸ்க் பழுதானால் வேலை நிற்காமல் இருக்கத்தான். அது காப்புப் பிரதி ஆகாது. தண்ணீர், இடி, திருட்டு, தவறி அழிப்பது எதிலிருந்தும் அது காப்பாற்றாது. தம்பி, உங்கள் அப்பா எடுத்த கூத்து வேறு எங்கும் கிடைக்காது. அதில் ஆடியவர்களில் எத்தனை பேர் இப்போது இருக்கிறார்களோ. ஆகவே பெட்டிக்குக் குறைவாகச் செலவழித்து, மிச்சத்தில் இன்னொரு 4 டிபி டிஸ்க் வாங்குங்கள். அது கடலுக்கும் ஆற்றுக்கும் எட்டாத ஊரில் இருக்க வேண்டும். ரெட்டியார்பாளையம் தங்கை வீடு போதாது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் புயல் ஒன்றாகத்தான் வருகிறது.


கெடிலக்கரை

இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். நெய்வேலி டவுன்ஷிப்பில் மாமா வீடு இருக்கிறது. ஃபைபர் இணைப்பும் உண்டு. அங்கே ஒரு டிஸ்க் வைக்க மாமா உடனே சம்மதித்தார். ஆனால் 2 டிபியை இணையம் வழியாக அனுப்ப முடியுமா?


மாடிவீட்டுக்காரன்

முதல் தடவை அனுப்பவே அனுப்பாதீர்கள். 20 எம்பிபிஎஸ் அப்லோடில் 2 டிபி போக இரவு பகலாக ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். வீட்டிலேயே டிஸ்கில் முழுசாக நகலெடுத்து, கைப்பையில் போட்டு நெய்வேலி பஸ் ஏறுங்கள். அப்புறம் புதிதாகச் சேர்வது மட்டும் ராத்திரி ராத்திரி போய்க்கொண்டிருக்கும். இந்த வேலைக்கு பை 4 நூற்றுக்கு நூறு பொருத்தம். மாமா வீட்டில் ரவுட்டர் பக்கத்தில் ஒரு பை, தனி அடாப்டர் உள்ள ஒரு டிஸ்க், டெயில்ஸ்கேல், அவ்வளவுதான். என்னிடம் சும்மா கிடக்கும் 2 ஜிபி பை ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே விஷயம், ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியைப் போட்டு இங்கே இருப்பதுபோல் அங்கேயும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒத்திசைக்க வேண்டாம். இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழியும். ரெஸ்டிக் என்ற காப்புப் பிரதி மென்பொருளைப் பயன்படுத்துங்கள். தேதி வாரியாகப் பழைய நிலைகளை வைத்திருக்கும், பூட்டியும் வைக்கும். கடவுச்சொல்லை மட்டும் இரண்டு தாளில் எழுதி இரண்டு வீட்டிலும் வையுங்கள், அது தொலைந்தால் கடவுளே வந்தாலும் திறக்க முடியாது.


லாஸ்பேட்டைலினக்ஸ்

டிஸ்க் வாங்கும் முன் ஒரு விவரம். டைனிக்குள் ஒரு 2.5 அங்குல டிஸ்க் போடும் இடம் இருக்கிறது என்று நம்பி 4 டிபி 2.5 அங்குல டிஸ்க் வாங்கிவிடாதீர்கள். அந்த இடம் 7 மில்லிமீட்டர் தடிமனுக்குத்தான். 4 டிபி, 5 டிபி ஹார்ட் டிஸ்க் எல்லாம் 15 மில்லிமீட்டர், உள்ளே போகாது. போர்ட்டபிளைப் பிரித்து உள்ளே போடலாம் என்றால் சிலவற்றில் யுஎஸ்பி துளை டிஸ்க் போர்டிலேயே பற்றவைத்து இருக்கும், கணினிக்குள் இணைக்கிற சாட்டா காலே இருக்காது.

வீட்டு சர்வருக்கு 3.5 அங்குல டிஸ்க், சிஎம்ஆர் வகை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் எழுதுவது), சீகேட் அயன்வுல்ஃப் அல்லது டபிள்யூடி ரெட் பிளஸ். அதைத் தனி 12 வோல்ட் அடாப்டர் உள்ள யுஎஸ்பி கேஸில் போடுங்கள். வெறும் ரெட் என்று எழுதியிருந்தால் எஸ்எம்ஆரா (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், திருப்பி எழுத மெதுவான வகையா) என்று பாருங்கள், 2020-இல் அதைச் சொல்லாமல் விற்றதற்குப் பெரிய சண்டையே நடந்தது. நெய்வேலிக்கு எஸ்எம்ஆர் போனால் பரவாயில்லை, ஒருமுறை எழுதிவிட்டுச் சும்மா இருக்கப் போகிற டிஸ்குக்கு அது போதும்.

இரண்டு டிஸ்கையும் லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவில் போடுங்கள், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வேண்டாம்.


நெய்தல்

கரண்ட் கணக்கை யாரும் போடவில்லையே? டைனியும் டிஸ்கும் சேர்த்து 15 வாட் என்று வைத்தால் இரண்டு மாத ரீடிங்கில் 22 யூனிட்டுக்குப் பக்கம். பழைய டவர் கணினியை 50 வாட்டில் ஓடவிட்டால் 72 யூனிட். பில் ஸ்லாப் ஓரத்தில் நிற்கிற வீட்டுக்கு அந்த 50 யூனிட் வித்தியாசம் மேல் ஸ்லாபில் கொண்டுபோய் விட்டுவிடும். "வீட்டில் கிடக்கும் டவரையே ஓட்டு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.


கெடிலக்கரை

வாங்கிவிட்டேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 8500டி டைனி, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டியோடு. 15,000-க்குள்தான் முடிந்தது. பயாஸில் (கணினி எழும்போது வரும் அடிப்படை அமைப்பில்) கடவுச்சொல் பூட்டு இல்லை என்று கடையிலேயே உள்ளே போய்ப் பார்த்துக்கொண்டேன். அடாப்டர் 65 வாட் ஒரிஜினல்தான்.

டெபியன் லினக்ஸ், அதன் மேல் டிஸ்குகளை நிர்வகிக்க ஓபன்மீடியாவால்ட், ஜெல்லிஃபின். போட்டோவுக்கு இம்மிச். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. வைஃபையில் டிவி அடிக்கடி நின்றதால் ரவுட்டரிலிருந்து ஹாலுக்கு ஒரு கேபிள் இழுத்துவிட்டேன், இப்போது நிற்பதே இல்லை. அப்பாவுக்காகக் கூத்துகளை ஊர் வாரியாகப் பிரித்து வைத்தேன். அது தப்பு, கட்டியங்காரன் யார் என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும் என்கிறார். அந்தப் பட்டியலை அவரே நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்புக்கும் யார் ஆடியது, எந்த ஊர், எந்த வருடம் என்று ஜெல்லிஃபின் விவரத்தில் ஏற்றுகிறேன். கேசட் உறையில் எழுதாத எத்தனையோ பெயர்கள் அவர் நினைவில்தான் இருக்கின்றன.

நெய்வேலிக்கு இரண்டாவது டிஸ்க் நகலாகிக்கொண்டிருக்கிறது. மாடிவீட்டு அண்ணன் பை தந்தார், மிக்க நன்றி.


பழுதுநீக்கி

சந்தோஷம் தம்பி. மூன்று சின்ன வேலை பாக்கி. பயாஸில் கரண்ட் திரும்பி வந்ததும் தானாக ஆன் ஆகும்படி ஓர் அமைப்பு இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வெளியூரில் இருக்கும்போது தங்கை ஃபோன் செய்வாள். ஓபன்மீடியாவால்டில் டிஸ்க் தன் நிலையைத் தானே பார்க்கும் ஸ்மார்ட் சோதனையை வாரம் ஒருமுறை வைத்து, கெட்டுப்போகும் இடங்களைக் காட்டும் ரீஅலொகேட்டட், பெண்டிங் என்ற இரண்டு எண்களும் பூஜ்யத்திலிருந்து ஏறினால் மெயில் வரச் செய்யுங்கள். ஏற ஆரம்பித்தால் அடுத்த சம்பளத்துக்குக் காத்திருக்காமல் டிஸ்க் மாற்ற வேண்டும்.

மூன்றாவது, நெய்வேலியிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரு கோப்பை எடுத்து ஓட்டிப் பாருங்கள். எடுத்துப் பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

விஎச்எஸ் கேசட்டுகள் இன்னும் ஏற்றவில்லை என்றால் முதலில் கேசட்டின் ஜன்னல் வழியே உள்ளே பாருங்கள். டேப் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது. ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும்.


சொல்தாபேரன்

விஎச்எஸ் என்றதும் கேட்கிறேன். அத்தைகள் எண்பதுகளில் பிரான்சிலிருந்து அனுப்பிய கேசட்டுகளை இங்கே போட்டால் கறுப்பு வெள்ளையாகத்தான் வருகிறது. டேப் கெட்டுவிட்டதா?


பழுதுநீக்கி

கெடவில்லை. பிரான்சில் அப்போது செகாம் (SECAM) என்ற வண்ண முறை, நம் ஊர் டெக் பால் (PAL) முறை. பால் மட்டும் தெரிந்த டெக் செகாம் டேப்பின் வண்ணத்தை வாசிக்காது, அதனால் கறுப்பு வெள்ளை. செகாமும் வாசிக்கிற டெக் வேண்டும், படத்தைப் பதிவு செய்கிற கேப்சர் கருவிக்கும் செகாம் தெரிய வேண்டும். முத்தியால்பேட்டையில் பிரான்சிலிருந்து திரும்பி வந்தவர்கள் வீட்டுப் பரணில் அந்த ஊர் டெக் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். கிடைத்ததும் ஆன் செய்யாமல் என்னிடம் கொண்டு வாருங்கள். ரப்பர் பெல்ட்டும் ரோலரும் இத்தனை வருடத்தில் இளகியிருக்கும், மாற்றாமல் போட்டால் டேப்பைத் தின்றுவிடும்.